மூன்று கட்டங்களுக்கு ஆசிரியர் யார்?



நூலாசிரியர் நாள் என்பது இலக்கிய வட்டங்களில் வேரூன்றிவிட்ட நல்ல வழக்கம். புதிதாக வெளிவந்த நூலொன்றுக்கென ஒரு மாலைப்பொழுதை முழுவதும் ஒதுக்கி, அதனை இயற்றியவரை நடுவில் அமர்த்தி, இருவர் மூவர் ஆய்ந்து பேச, நிறைவில் ஆசிரியர் ஏற்புரை வழங்குவார். கவிதை நூல், நாவல், திறனாய்வு நூல், ஊர் வரலாறு எல்லாவற்றுக்கும் இத்தகைய நாள் எடுப்பதில் யாருக்கும் மனத்தடை இல்லை. சித்திரத்தொடர் ஒன்றைப் பற்றி எழுதப்பட்ட நூலுக்கு நாள் எடுக்கலாமா என்ற வினா எழும்போது மட்டும் ஒரு தயக்கம் தலைகாட்டுகிறது. சிறுவர் பார்க்கும் படத்துக்கு விழாவா என்பது அத்தயக்கத்தின் வெளிப்பேச்சு. உள்ளே இருக்கும் சிக்கல் வேறு. நூலை எழுதியவரை நடுவில் அமர்த்திவிடலாம். அவர் எந்தத் தொடரைப் பற்றி எழுதினாரோ, அந்தத் தொடரை ஆக்கியவர் யார் என்று அவையில் ஒருவர் கேட்டுவிட்டால் விடை சொல்வது எளிதன்று.

காளவாசல் என்ற பெயரே செங்கற் சூளையைக் குறிப்பது. சூளையில் வெந்த கல் மதுரை முழுவதும் வீடாகவும் மதிலாகவும் நின்றிருக்கும்; கல் அறுத்தவர் பெயர் எந்த வீட்டுப் பத்திரத்திலும் இராது. தமிழ்ச் சித்திரத்தொடர்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே. இலட்சக்கணக்கானோர் படித்தனர். எழுதியவர் பெயரையும் வரைந்தவர் பெயரையும் கேட்டவர் மிகச் சிலர்.

தமிழில் இதற்குத் தலையாய சான்று ‘கன்னித்தீவு’. சி. பா. ஆதித்தனார் 1942ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் ‘தந்தி’யைத் தொடங்கியது இந்த மதுரையில்தான். அவ்விதழ் ‘தினத்தந்தி’யாக வளர்ந்த பின், 1960இல் அதில் கன்னித்தீவு தொடங்கியது. அரபுக் கதைகளிலிருந்து வந்த கடலோடி சிந்துபாத் தமிழ்ச் சிந்துபாத் ஆனான். மூசா என்னும் மந்திரவாதியின் வித்தையால் சின்னஞ்சிறு பொம்மையளவாகச் சுருங்கிப்போன லைலாவைப் பழைய உருவுக்கு மீட்க வேண்டும். அதற்கான வழியைத் தேடிக் கடலையும் காட்டையும் அவன் சுற்ற வேண்டும். கதையின் முதலீடு இவ்வளவே. இந்தச் சிறு முதலைக் கொண்டு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு வணிகம் நடந்திருக்கிறது. ஆண்டுக்கு 350 நாள் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 1960 முதல் 2020 வரை 21,000 பகுதிகள். நாளொன்றுக்கு மூன்று கட்டம் என்றால் 63,000 கட்டங்கள். முடியாமல் இழுபடும் வழக்கையும் திருமணப் பேச்சையும் ‘கன்னித்தீவு மாதிரி’ என்று சொல்லாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. ஒரு படைப்பு பழமொழியாகிவிடுவது எல்லா இலக்கியங்களுக்கும் வாய்ப்பதில்லை.

அந்த மூன்று கட்டங்களின் இலக்கணத்தைச் சற்று நின்று பார்ப்பது தகும். நாவலாசிரியன் ஓர் அத்தியாயத்தில் செய்யும் வேலையைத் தொடர்க்காரன் உள்ளங்கையளவு இடத்தில் செய்தாக வேண்டும். முதற்கட்டம் நேற்றைய நிகழ்ச்சியை நினைவூட்ட வேண்டும். ஏனெனில் நேற்றுத் தாள் பார்க்காதவன் இன்று தேநீர்க் கடையில் அமர்ந்திருக்கிறான். நடுக்கட்டம் கதையை ஓரடி நகர்த்த வேண்டும். மூன்றாம் கட்டத்தில் ஒரு கதவு திறக்க வேண்டும், அல்லது ஒரு வாள் ஓங்கப்பட வேண்டும். வாள் இறங்குவது நாளைக்கு. இடையில் பத்து நாள் படிக்காதவனும் பதினோராம் நாள் வழி தவறாமல் உள்ளே நுழைய முடிய வேண்டும். ஆகவே கதை வேகமாக ஓடவும் கூடாது. நிற்பதாகத் தோன்றவும் கூடாது. படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டும்போது ஒரே மூச்சில் முடியும் வகையில் வாக்கியங்கள் குறுகியிருக்க வேண்டும். எழுத்தறிவு குன்றியிருந்த காலத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிய பலருக்கு இந்த மூன்று கட்டங்கள் வாசகப் புத்தகமாக இருந்தன. பாடநூலில் ‘அணில்’, ‘ஆடு’ கற்றவன், ‘சிந்துபாத் திடுக்கிட்டான்’ என்பதைத் தானே படித்துவிட்ட நாளில்தான் தன்னைப் படித்தவனாக எண்ணிக்கொண்டான்.

இத்தொடரைத் தொடக்க காலத்தில் வரைந்தவர் ‘கணு’ என்ற பெயரில் அறியப்பட்ட ஓவியர். அவருக்குப் பின் வேறு கைகளும் வரைந்தன. சிந்துபாத்தின் முகம் மாறியது, தாடி மாறியது, கப்பலின் பாய் மாறியது. வாசகன் அதைக் குற்றமாகக் கொள்ளவில்லை. நாடகக் கம்பெனியில் ராஜபார்ட் வேடத்துக்கு வேறு ஆள் வந்தால் கதையா மாறிவிடும் என்ற பெருந்தன்மை அவனுக்கு இருந்தது. ஆனால் ஆய்வாளனுக்கு அந்தப் பெருந்தன்மை கூடாது. எந்த ஆண்டில் எந்தக் கை மாறியது என்பதே அவன் எழுதப்போகும் நூலின் முதல் அத்தியாயம். அதைக் கண்டறிய அவன் நாளிதழ்க் கட்டுகளின் முன்னே அமர்ந்தாக வேண்டும். நாளிதழின் ஆயுள் ஒரு நாள். மறுநாள் அது மளிகைக் கடையில் பொட்டலம். அதற்கும் மறுநாள் எண்ணெய் ஊறிய வடைத்தாள். மிகுதியானோர் கையில் புழங்கிய தாளே மிகக் குறைவாக எஞ்சும் என்பது அச்சுலகின் விசித்திர நீதி.

பெயரின்மை தமிழுக்கு மட்டும் உரிய நோய் என்று கருதினால் அது பிழை. சிவகாசியிலிருந்து 1972ஆம் ஆண்டு ஜனவரியில் முத்து காமிக்ஸின் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’ வெளிவந்தது. ஆய்வுக்கூட விபத்தில் வலக்கையை இழந்து, எஃகுக் கையைப் பொருத்திக்கொண்ட லூயிஸ் கிராண்டேல், மின்சாரம் பாய்ந்ததும் மறைந்துவிடுவான். கை மட்டும் காற்றில் மிதக்கும். தென்மாவட்டச் சிறுவர்களில் ஒரு தலைமுறை மின்சார பிளக்கை வேறு கண்கொண்டு பார்க்கத் தொடங்கியது இவனால்தான். பெற்றோர் பட்ட கவலை தனிக்கதை. மூலக்கதை இங்கிலாந்தில் ‘வேலியண்ட்’ என்ற வார இதழில் 1962ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் தொடங்கியது. முதற்கதைகளை எழுதியவர் கென் புல்மர். பின்னர் எழுதியவர் டாம் டல்லி. வரைந்தவர் ஸ்பெயினின் பார்சிலோனா நகரத்து ஹெசூஸ் பிளாஸ்கோ. இந்த மூன்று பெயர்களும் அந்த ஆங்கில வார இதழிலேயே அச்சிடப்படவில்லை. அக்காலத்து ஆங்கிலச் சிறுவர் வார இதழ்களில் படைப்பாளியின் பெயர் போடும் வழக்கம் இல்லை. 1977இல் தொடங்கிய ‘2000 ஏ.டி.’ என்ற இதழ் பெயர்களை அச்சிட முற்பட்ட பிறகே அந்நிலை மாறலாயிற்று. அதே நாட்டில் நாளிதழ்ச் சித்திரத்தொடருக்குப் பெயர் உண்டு. 1963இல் ‘ஈவினிங் ஸ்டாண்டர்டு’ நாளிதழில் தொடங்கிய மாடஸ்டி பிளைஸியின் ஆசிரியர் பீட்டர் ஓடானல் என்பதும் ஓவியர் ஜிம் ஹோல்டவே என்பதும் வெளிப்படை. பெரியவர் படிக்கும் தாளில் வந்தால் ஆசிரியன். சிறுவர் படிக்கும் தாளில் வந்தால் கூலியாள். அந்த மாடஸ்டியே தமிழில் ‘மாடஸ்தி’யாகி, 1984ஆம் ஆண்டு ஜூலையில் லயன் காமிக்ஸின் முதல் இதழில் அடியெடுத்து வைத்தாள்.

இலண்டனில் பெயரில்லாமல் பிறந்த கதை சிவகாசியில் இன்னொரு முறை பெயரை இழந்தது. முத்து காமிக்ஸின் தொடக்ககால ஆசிரியர் முல்லை தங்கராசன். இந்தப் பெயரை இலக்கிய வரலாற்று நூல்களின் பின்னிணைப்புகளில் தேடிக் களைப்பதை விட, அந்த இதழ்களைப் படித்து வளர்ந்த ஐம்பது, அறுபது வயதினரிடம் கேட்டால் உடனே விடை கிடைக்கும். அவர்களது சொற்களஞ்சியத்தில் ஒரு பகுதி இத்தகையோர் இட்டது. ‘நிழற்படை’ என்ற சொல்லை எந்தப் புலவர் குழுவும் ஆக்கித் தரவில்லை. சித்திரக்கதை மொழிபெயர்ப்பு தந்தது. ஆங்கில வார இதழின் அகன்ற பக்கத்தில் அமைந்த கட்டங்களை வெட்டிப் பிரித்துச் சிறிய பக்கங்களில் இரண்டு மூன்றாக அடுக்க வேண்டும். ஆங்கிலச் சொல் ஒழிந்த பேச்சுப் பலூனுக்குள் நீளமான தமிழ் வினைமுற்றுகளைத் திணிக்க வேண்டும். பாத்திரத்தின் முகத்தை மறைக்காமல், பொருளும் கெடாமல், படிப்பவன் மூச்சும் முட்டாமல் அதைச் செய்தவர் மொழிபெயர்ப்பாளர் மட்டும் அல்லர். கத்தரியும் பசையும் கொண்டு மேசையில் குனிந்திருந்த பணியாளரும் ஆவார். கவிதையில் எதுகைக்கு இடம் கண்டவரைப் போற்றும் அவை, பலூனுக்குள் தமிழுக்கு இடம் கண்டவரையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

பெயர்க் குழப்பத்துக்கு ஒரு சிறு எடுத்துக்காட்டு போதும். லீ ஃபாக் 1936இல் படைத்த முகமூடி வீரர் ‘ஃபாண்டம்’ தமிழில் ஓரிடத்தில் வேதாளர்; ராணி காமிக்ஸில் மாயாவி. இரும்புக்கை கொண்டவனும் மாயாவி. இருவருக்கும் உறவு கிடையாது. அட்டவணை தயாரிக்கும் நூலகர் ‘மாயாவி’ என்ற தலைப்பின் கீழ் இருவரையும் சேர்த்துவிட்டால், பின்னால் வரும் ஆய்வாளர் ஒரு தலைமுறைக்கு இடறுவார். சங்கப் பாடல்களில் ஒரே பெயருடைய இரண்டு புலவர்களைப் பிரித்தறிய எத்தனை ஏடுகள் எழுதப்பட்டன! அந்த உழைப்பு இங்கேயும் தேவைப்படுகிறது. அங்கே இடைவெளி இரண்டாயிரம் ஆண்டு. இங்கே ஐம்பது ஆண்டு என்பதுதான் வேறுபாடு. ஐம்பது ஆண்டு என்றால் அறிந்தவர் இன்னும் சிலர் உயிரோடிருக்கிறார்கள்.

சித்திரத்தொடரைப் பற்றிய நூல் ஒன்று பிறக்க வேண்டுமானால் அதற்கு முன்னரே எவரோ ஒருவர் தாளைக் காப்பாற்றியிருக்க வேண்டும். அமெரிக்காவில் அந்தக் கடமையைச் செய்தவர் பில் பிளாக்பியர்ட் (1926–2011). அங்குள்ள பெருநூலகங்கள் நாளிதழ்களை மைக்ரோஃபிலிமில் எடுத்துக்கொண்டு தாள் தொகுதிகளைக் கழித்துக் கட்டத் தொடங்கின. கறுப்பு வெள்ளைச் சுருளில் ஞாயிற்றுக்கிழமைத் தொடர்களின் வண்ணம் எங்கே தங்கும்? பிளாக்பியர்ட் 1968இல் சான்பிரான்சிஸ்கோவில் தம் வீட்டையே காமிக் கலைக் கழகம் என்ற அறநிலையமாக்கி, நூலகங்கள் எறிந்த கட்டுகளை வாங்கிச் சேர்த்தார். தொடர்களை நாள்வாரியாக வெட்டி அடுக்கினார். அவர் துணையாசிரியராக இருந்து 1977இல் வெளிவந்த ஸ்மித்சோனியன் தொகுப்பு நூல் அங்கே சித்திரத்தொடர் ஆய்வுக்கு அடித்தளம் இட்டது. 1998இல் அவரது சேகரம் ஓகையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது அதன் எடை 75 டன். ஆறு பெரிய லாரிகள் தேவைப்பட்டன. இப்போது அங்கே ஒரு நூலாசிரியன் ஜார்ஜ் ஹெரிமனின் தொடரைப் பற்றியோ பிறர் தொடரைப் பற்றியோ நூல் எழுதி விழாக் காண்கிறான் என்றால், அவ்விழா மேடைக்கு அடியில் இந்த 75 டன் கிடக்கிறது.

இத்தகைய மனிதர் தமிழ்நாட்டில் பிறக்காமல் இல்லை. மதுரைக்குக் கிழக்கே, காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா (1926–1992) விளம்பரப் பலகை எழுதும் ஓவியத் தொழிலர். பெரும்புலவர் பதிப்புகளோடு நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பு என்று பிறர் குப்பை என்று தள்ளியவற்றையும் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் அச்சேகரத்தை வாங்க, 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. தெருவில் காலணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்களைப் பற்றி ஆ. இரா. வேங்கடாசலபதி 2004இல் ‘முச்சந்தி இலக்கியம்’ என்ற நூலை வெளியிட்டபோது, இதெல்லாம் இலக்கியமா என்று கேட்ட குரல் பெரிதும் அடங்கிவிட்டது. கொலைச்சிந்துக்கும் ரயில் விபத்துப் பாட்டுக்கும் கிடைத்த இடம் கன்னித்தீவுக்கு ஏன் மறுக்கப்பட வேண்டும் என்பதற்கு நேர்மையான விடை எதுவும் இல்லை.

இங்கே மதுரையின் பழங்கதை ஒன்று நினைவுக்கு வருவது இயல்பு. பாண்டித்துரைத் தேவர் மதுரையில் சொற்பொழிவாற்ற வந்தபோது கம்பராமாயணமும் திருக்குறளும் வேண்டுமென்று கேட்க, இந்நகரத்தில் உடனே கிடைக்கவில்லை என்றும், அந்த மனவருத்தமே 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் தோன்றக் காரணமாயிற்று என்றும் கூறுவர். திருக்குறளையும் சிந்துபாத்தையும் ஒரே தட்டில் வைப்பது இவ்வுரையின் நோக்கமன்று. அப்படி வைத்தால் சிந்துபாத்தே கூச்சப்படுவான். நகரம் தன் பொருளைத் தன்னிடம் வைத்திருக்கவில்லை என்ற குறைதான் இரண்டுக்கும் பொது. தேவருக்குக் கிடைக்காத நூல் வேறு ஊரில் ஓலையிலாவது இருந்தது. நாளிதழ்த் தாளுக்கு அந்த உறுதியும் இல்லை. மரக்கூழில் செய்த தாள் தன்னிடமுள்ள அமிலத்தாலேயே பழுத்து, விரல் பட்டால் பொடிந்துவிடும். கறையான் வர வேண்டிய தேவையே இல்லை.

சித்திரத்தொடர் நூலுக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் ஒன்றை மட்டும் ஒதுக்கிவிட முடியாது. பழைய காமிக்ஸ் பற்றிய பேச்சு பெரும்பாலும் இளமை நினைவில் கரைந்துவிடுகிறது. எந்த இதழை எந்தக் கடையில் என்ன விலைக்கு வாங்கினோம் என்பதில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. இதில் ஆய்வு எங்கே என்பது அவ்வாதம். இது உண்மையே. ஏக்கம் நல்ல உணர்ச்சி. ஆனால் அது தேதி குறித்து வைப்பதில்லை. தேவனின் துப்பறியும் சாம்பு விகடனில் கோபுலுவின் கையால் சித்திரத்தொடராகவும் வந்தது என்பதை நினைத்து மகிழ்வது ஒன்று. உரைநடையில் தேவன் ஒரு வாக்கியத்தில் வைத்த நகைச்சுவையைக் கோபுலு எந்தக் கோட்டில் வைத்தார், சாம்புவின் மூக்கு எத்தனை வேலை செய்தது, வசனத்தில் எது விடுபட்டது என்று ஒப்பிட்டுக் காட்டுவது மற்றொன்று. முன்னது உரையாடலுக்குப் போதும். பின்னதே நூலாகும். ஆகவே, நாள் எடுப்பதற்குரிய நூல் எது என்பதில் இலக்கிய வட்டம் கண்டிப்பாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். கதைச் சுருக்கங்களை அடுக்கி, அட்டைப் படங்களை ஒட்டி, ‘அந்தக் காலம் பொற்காலம்’ என்று முடிக்கும் நூலுக்கு மாலை தேவையில்லை. அதை வீட்டில் வைத்து மகிழ்ந்தால் போதும்.

ஆர்வலர்களின் கூட்டங்களுக்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. லயன் காமிக்ஸ் 2012இல் புத்துயிர் பெற்ற பின்னர், ஈரோட்டில் ஆகஸ்டு மாதம் நிகழும் புத்தகத் திருவிழாவையொட்டி லயன், முத்து வாசகர்கள் கூடுவது வழக்கமாயிற்று. வெளியூர்களிலிருந்து பயணம் செய்து வந்து, புதிய இதழைக் கையில் வாங்கி, மொழிபெயர்ப்பில் ஒரு சொல் பிசகியிருந்தால் ஆசிரியர் முன்னிலையிலேயே கேள்வி எழுப்புகிறார்கள். பல இலக்கியக் கூட்டங்களில் காணக்கிடைக்காத கண்டிப்பு அது. அங்கே பதிப்பாளரும் வாசகரும் இருக்கிறார்கள். வந்து சேர வேண்டியவர் மூன்றாமவர்: தொடரின் வரலாற்றை ஆராய்ந்து எழுதியவர். அவருக்கு இடமளிக்க வேண்டியது இலக்கிய வட்டம். ஏனெனில் நூலை நூலாக வைத்து வாதிடும் பயிற்சி இங்கேதான் இருக்கிறது.

அத்தகைய நாள் மற்ற நூலாசிரியர் நாள்களைப் போல நிகழ்ந்தால் பாதிப் பயனே விளையும். பாராட்டுரைகளைக் குறைத்துக்கொண்டு, மண்டபத்தின் ஓரத்தில் நீண்ட மேசை ஒன்று இட வேண்டும். பழைய இதழ்களையும், நாளிதழிலிருந்து வெட்டி ஒட்டிய நோட்டுகளையும், மேலட்டை போனவற்றையும் அன்பர்கள் கொண்டுவந்து அதில் பரப்பலாம். பைண்டு செய்யும்போது தேதி வெட்டுப்பட்ட தாளுக்கு, மறுபக்கத்தில் உள்ள திரைப்பட விளம்பரத்தைக் கொண்டே தேதி கண்டுபிடிக்கக் கூடியவர்கள் மதுரையில் உண்டு. எந்தத் திரையரங்கில் எந்தப் படம் எந்த வாரம் ஓடியது என்பது இந்நகரத்தாருக்குப் பாடம். ஒவ்வொன்றையும் படமெடுத்து, யாரிடம் உள்ளது என்று பதிவேட்டில் குறித்துக்கொண்டு, பொருளை உரியவரிடமே திருப்பித் தந்துவிடலாம். கொடுத்தால் திரும்பாது என்ற அச்சத்தாலேயே பரணில் கிடக்கும் கட்டுகள் பல.

சிவகாசி இங்கிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரப் பயணம். எழுத்துக் கோத்தவர், பலூனில் தமிழ் எழுதியவர், நெகட்டிவில் கறை நீக்கியவர் என்று அச்சகங்களில் உழைத்தவர்களை அழைத்து வருவதற்கு ஒரு கார் வாடகை போதும். மாலைக்கு ஒதுக்கும் தொகையில் அது அடங்கிவிடும். ஏற்புரையில் நூலாசிரியர் நன்றிப் பட்டியலை வாசிப்பதை விடுத்து, தம் நூலில் கண்டறிய முடியாமல் விட்ட பெயர்களின் இடங்களை வாசிக்க வேண்டும்: இந்த ஆண்டு, இந்த இதழ், இந்தக் கை எவருடையது? பின்வரிசையிலிருந்து யாராவது ஒருவர் எழுந்து, ‘அவர் எங்கள் தெருவில் குடியிருந்தவர்’ என்று சொல்லக்கூடும். அதை எழுதிக்கொள்ள ஒருவர் தாளும் பேனாவுமாக அருகில் இருத்தல் வேண்டும்.